கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்லும் வேலை

மைக்செட் தொழிலில் பேச்சு ஊராருடையது. திட்டு மட்டும் மைக்செட்காரனுக்கு. காரைக்காலில் ஆட்டோமீது இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் சுற்றிவிட்டேன். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும், இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

எனக்குப் பேச்சு வராது. கூட்டத்துக்கு முன்னால் 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' சொல்வதோடு சரி. மீன்துறை அலுவலகம் ஊர் ஊராகச் சொல்லச் சொல்லும் புயல் அறிவிப்பை என் மனைவிதான் பேசி, ஒரு பென் டிரைவில் பதிவு செய்து வைத்திருந்தாள். அவள் இறந்து ஆறு வருடமாகிறது. அறிவிப்பில் வார்த்தை மாறுவதில்லை என்பதால், அந்தப் பென் டிரைவே ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனரேட்டர்

விழிதியூரில் ஒரு பட்டிமன்றம். வெயிலும் மழையும் நிலைமாறிப் போனதற்குக் காரணம் மனிதனா, இயற்கையா? மனிதன்தான் என்ற அணிக்கு ஆரோக்கியசாமி சார் தலைவர். ஓய்வு பெற்ற அறிவியல் வாத்தியார். எட்டாவதோடு நின்ற நான், அவர் இரவல் தரும் புத்தகங்களைப் படித்துத்தான் அதற்கு மேல் ஏதோ தெரிந்துகொண்டேன்.

அன்று கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்து ஓட்டினேன். நிலக்கரி, டீசல், அதிலிருந்து வரும் புகை, அது பூமியின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது என்று சார் படிப்படியாக விளக்கி வந்தார். முன்வரிசையிலிருந்து ஒரு விவசாயி இருமிக்கொண்டே எழுந்தார்.

"சார், நீங்க சொல்ற புகை பூரா இங்கதான் இருக்கு. அண்ணன் ஜெனரேட்டரை அணைக்கட்டும், நீங்க மைக் இல்லாம பேசுங்க, நான் ஒத்துக்கிறேன்!"

ஐப்பசி

அடுத்த கூட்டம் கிளிஞ்சல்மேட்டில். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடல் மட்டம் இன்னும் உயரும் என்றார் சார். சுனாமி பார்த்த ஊர். பைபர் படகு வைத்திருக்கும் தனவேலுதான் கையைத் தூக்கினார். நாளைக்கு மழை என்று சொல்வதே தப்பாகப் போகும்போது, அத்தனை வருடத்துக்கு அப்பால் எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

சார் அசரவில்லை. "ஐப்பசி இருபதாம் தேதி மழை பெய்யுமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஐப்பசி மாசத்துல மழை உண்டுன்னு தெரியும்ல? அது மாதிரிதான் இது" என்றார். எனக்கு அன்றுதான் விஷயம் விளங்கியது. தனவேலு உட்காரவே இல்லை.

"ஐப்பசிய எங்கப்பன் பாத்திருக்கான், பாட்டன் பாத்திருக்கான். நீங்க சொல்ற மாசத்த யாரு சார் பாத்தா?"

நண்டு

ஒரு வருடம் இரண்டு தடவை புயல் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு தடவையும் அது வேறு பக்கம் திரும்பிவிட்டது. படகுகள் கரையில் கிடக்க, வெயில் பளிச்சென்று அடித்தது. உள்ளுக்குள் எனக்கு நிம்மதிதான். தொழில் போன கோபத்தில் இருப்பவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா? டீக்கடையில் தலையைக் குனிந்து டீயைக் குடித்தேன். தனவேலு விடவில்லை.

"அண்ணே, உங்க வண்டிச் சத்தம் கேட்டா நண்டுகூட வளையை விட்டு வெளிய வந்து சிரிக்குது."

என் குரல்

போன கார்த்திகையில் ஒரு நாள் காலை, மீன்துறை அலுவலகத்தில் என்னை நேரில் கூப்பிட்டுச் சொன்னார்கள். காற்று திசை மாறி வருகிறது, மதியத்துக்குள் கரையைத் தொடும், ஒரு படகுகூட இறங்கக் கூடாது. கிளிஞ்சல்மேட்டுக்குப் போனால் கடல் தட்டுப்போல் கிடக்கிறது. மற்றவர்கள் யோசித்துக்கொண்டு நிற்க, தனவேலுவும் அவர் மருமகனும் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். "வேணாம்ப்பா" என்று மகள் கரையிலிருந்து கத்திக்கொண்டிருந்தாள்.

பென் டிரைவைப் போட்டேன். "மீனவப் பெருமக்களின் கவனத்திற்கு" என்று என் மனைவி ஆரம்பித்தாள். தனவேலு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அக்கா போன வருசமும் இதையேதான் சொல்லிச்சு!" என்றார். கரையில் சிரித்தார்கள்.

பாதி வாக்கியத்தில் அவளை நிறுத்தினேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. மைக்கைக் கையில் எடுத்தேன். "தனவேலு, போவாதப்பா. நான்தான் சொல்றேன்" என்றேன். இரண்டு குழாயிலும் யாரோ பேசுவதுபோல் இருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று அவர் என் ஆட்டோவையே பார்த்தார். பிறகு மருமகனிடம் ஏதோ சொன்னார். படகு கரைக்குத் திரும்பியது.

மதியம் காற்று வந்தது. கூரைத் தகடுகள் பறந்தன, தென்னைகள் சாய்ந்தன. அந்த ஊரில் கடலில் இருந்தவர் ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து, மிச்சப் பாதி வாக்கியத்தை அவளைப் பேசவிட்டுக் கேட்டேன்.

மறுநாள் டீக்கடையில் ஏன் திரும்பினார் என்று தனவேலுவைக் கேட்டேன். "ரெக்கார்டு என்னைக்கும் ஒரே மாதிரிதாண்ணே பேசும். பேசாத ஆளு நீங்களே வாயத் தொறந்தா, அது நெசமாத்தான் இருக்கும்னு திரும்பிட்டேன்" என்றார். பக்கத்திலிருந்த சார் நேர்மையானவர். இந்த ஒரு காற்றை வைத்துத் தான் மேடையில் சொன்னது சரி என்று ஆகிவிடாது, அதற்குப் பல வருடத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார். தனவேலு கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்தக் கணக்க அண்ணன விட்டு மைக்ல சொல்லச் சொல்லுங்க சார், உக்காந்து கேக்குறேன்."

ஊரையெல்லாம் பேசவைத்தே காலத்தை ஓட்டிவிட்ட நான், இந்த வயதில் சாருடைய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் 'கடல் மட்டம்' என்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.