சந்துக்குள் ஓடிய கிலோமீட்டர்

மட்டாஞ்சேரியில் பண்டகசாலைச் சந்து என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் சுக்கு, மிளகுக் கிடங்குகள், மேலே வீடுகள். அந்தச் சந்தை நாள்தோறும் பெருக்கியவர் பேச்சியம்மாள். அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து நகரசபை வேலைக்கு வந்தவர்கள். பேச்சியம்மாள் பிறந்தது, படித்தது, துடைப்பம் பிடித்தது எல்லாம் கொச்சியில்தான். நாலாம் வகுப்பு வரை மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் வாயோடு சரி, எழுத வராது. ஆனால் எண்களில் ஆளை அசைக்க முடியாது. ஒரு தடவை பார்த்த லாரியின் நம்பரை ஒரு வருஷம் கழித்தும் சொல்லுவார்.

அந்தச் சந்து நகரசபைக்குச் சொந்தமில்லை. கிடங்குக்காரர்களின் பழைய தனிவழி. பெருக்க மட்டும் நகரசபை ஆள் அனுப்பும், குழி விழுந்தால் எட்டிப் பார்க்காது. அதனால் குடியிருப்பவர்கள் தாங்களே ஒரு சங்கம் வைத்து, பணம் போட்டு ரோட்டைச் செப்பனிட்டு வந்தார்கள். வண்டி வைத்திருப்பவர்கள் மாசக் கடைசியில் பெட்ரோல் பில்லைக் காட்ட வேண்டும். அதிகம் ஊற்றியவர் அதிகம் கொடுக்க வேண்டும். சாக்குக் கடை பிச்சைதான் செயலாளர். ஏழெட்டு வருஷம் இந்த ஏற்பாடு ஒழுங்காகவே ஓடியது.

2003-இல் சுக்கு வியாபாரி சலாவுதீன் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். இரண்டே கதவு, தீப்பெட்டி மாதிரி உருவம். மாடி ஜன்னலிலிருந்து ஒரு வயரைத் தொங்கவிட்டு ராத்திரி பூராவும் சார்ஜ் போடுவார். அந்த மாசக் கடைசியில் பிச்சை பில் கேட்டதும் சலாவுதீன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

“பெட்ரோலே ஊத்தல. பில்லுக்கு நான் எங்கே போவேன்?”

விஷயம் சங்கக் கூட்டத்துக்கு வந்தது. கூட்டம் பிச்சையின் சாக்குக் கிடங்கில். எல்லாரும் சாக்குக் கட்டுகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

“என் வண்டியில புகை இல்லை, சத்தம் இல்லை. நியாயமா நீங்கதான் எனக்குக் குடுக்கணும்,” என்றார் சலாவுதீன்.

“புகைக்கா ரோடு போடுறோம்? சக்கரத்துக்குத்தானே,” என்றான் ஆட்டோ ஓட்டும் பாண்டியராஜ். “பெட்ரோலை விடுங்க. இனிமே ஓடுன கிலோமீட்டருக்குத் தக்கபடி எல்லாரும் குடுப்போம்.”

“ஓஹோ. நான் அக்கரையில பிராட்வே மார்க்கெட்டுக்குப் போயிட்டு வந்தா அந்தக் கிலோமீட்டருக்கு இந்தச் சந்து என்ன பாவம் பண்ணிச்சு? உன் ஆட்டோ திருப்பூணித்துறை வரைக்கும் போகுது. அதுக்கும் இங்கேயே குடுப்பியா?” என்றார் சலாவுதீன்.

தான் வெட்டிய குழியில் தானே விழப் போவது பாண்டியராஜுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் சாயா கிளாஸோடு நின்ற பேச்சியம்மாளுக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. “இத்தனை வருஷமா ஊத்துன பெட்ரோலு மட்டும் இந்தச் சந்துக்குள்ளேயேவா எரிஞ்சுது?”

பிச்சை தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆறு மாசம் கிலோமீட்டர் கணக்கைப் பரீட்சை பண்ணிப் பார்ப்போம்,” என்றார். மீட்டரை யார் பார்ப்பது என்று அடுத்த தகராறு. ஒருத்தர் கண்ணை ஒருத்தர் நம்பவில்லை. கடைசியில், சந்தில் தினமும் கால் வைக்கிற, சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத பேச்சியம்மாளைத் தேர்ந்தெடுத்தார்கள். மாசம் ஒண்ணாம் தேதி காலையில் பெருக்கி முடித்ததும், பதினேழு வண்டிகளின் மீட்டரையும் பார்த்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். அவருக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. அன்று மட்டும் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

முதல் மாசமே பாண்டியராஜின் ஆட்டோ ஒன்பது கிலோமீட்டர் காட்டியது. மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டிருக்கிறான் என்பது பார்த்தவுடன் புரிந்தது. பேச்சியம்மாள் ஒன்பது என்றே எழுதிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

“கலூருக்கு விடு. மக வீட்டுக்குப் போகணும்.”

கலூர் பஸ் ஸ்டாண்டு தாண்டி மகள் ஜிஷா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பேச்சியம்மாள் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

“நகரலையே பாண்டி.”

“எது யக்கா?”

“மீட்டரு. அப்போ நாம இன்னும் மட்டாஞ்சேரியிலதான் இருக்கோம். வந்து சேராத ஊருக்கு எதுக்குடா காசு?”

இறங்கி உள்ளே போய்விட்டார். மறுநாள் கேபிள் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

மூன்றாம் மாசம் வந்த சிக்கல் அவ்வளவு லேசில் தீரவில்லை.

சலாவுதீன் வாரத்தில் நாலு நாள் கட்டப்பனைக்கு மிளகு வாங்கப் போய்விடுவார். பஸ்ஸில்தான் போவார், கார் அவ்வளவு தூரம் தாங்காது. அப்படி ஒரு நாள் விடிகாலை பேச்சியம்மாள் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஏதோ வந்து நிற்பதுபோலத் தோன்றியது. திரும்பினால் அந்தத் தீப்பெட்டிக் கார், ஒரு முழம் தள்ளி நிற்கிறது. உள்ளே சலாவுதீனின் மனைவி லதீஃபா, முகம் வெளுத்துப்போய்.

“ஒரு ஹார்ன் அடிக்கக் கூடாதா மோளே?”

“அடிச்சா அக்கம்பக்கம் முழிச்சுருமே பேச்சியக்கா.”

லதீஃபா தோப்பும்படியில் சோனியா என்கிற ஒருத்தியிடம் ஓட்டக் கற்று, லைசென்ஸும் வாங்கி, அதை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். கணவனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவருக்கு அந்தக் காரைத் துடைக்கக்கூட இன்னொரு கையை விட மனசு வராது.

“ஏறுங்க அக்கா. ஐலண்டு வரைக்கும் போயிட்டு வந்துருவோம்.”

பெருக்கி முடித்துவிட்டுத்தான் ஏறினார். வில்லிங்டன் தீவின் அகலமான ரோடுகளில் அந்த நேரத்தில் ஆளே இல்லை. கார் தண்ணீரில் படகு போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. இருபத்தாறு வருஷமாக ரோட்டைக் குனிந்தே பார்த்தவர் பேச்சியம்மாள். முன் ஸீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. ரோட்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டே வந்தவர், கடைசியில் ஒன்றுதான் சொன்னார்.

“இந்த ரோட்டைப் பெருக்குறவ யாருன்னு தெரியல. ஓரத்தை அப்படியே விட்டுட்டுப் போயிருக்கா.”

அதன்பிறகு அவ்வப்போது காலையில் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். ஒண்ணாம் தேதி வந்தது. போன மாசம் 105 என்று எழுதியிருந்தார். இப்போது மீட்டரில் 517. அதுவரை ஒரு மாசத்திலும் அறுபதைத் தாண்டாத வண்டி.

“அறுபதுன்னே போட்டுருங்க அக்கா,” என்றாள் லதீஃபா, கதவிடுக்கில் நின்றுகொண்டு.

“நான் அறுபது போட்டா, பாண்டி நாளைக்கே கேபிளைக் கழட்டுவான். அவனை நான் எந்த மூஞ்சியை வச்சுக் கேக்குறது?” என்றார் பேச்சியம்மாள். “உன் பேரு என் வாயில வராது. ஆனா நம்பரு நம்பருதான்.”

412 என்று எழுதினார்.

கூட்டத்தில் பிச்சை அதை வாசித்ததும் சலாவுதீன் சாக்குக் கட்டிலிருந்து இறங்கிவிட்டார்.

“நானூத்திப் பன்னெண்டா? நான் ஊர்லயே இல்லை. பேச்சியக்கா, உங்களுக்கு நாலுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியுமா தெரியாதா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். பேச்சியம்மாளுக்குக் காது மடல் வரை சூடேறியது. தமிழ் எழுத்துத் தெரியாது என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். எண் தெரியாது என்றது பொறுக்கவில்லை.

“வண்டி வாசல்லதான் நிக்குது மொதலாளி. நீங்களே வந்து பாருங்க.”

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். 517-க்குமேல் இன்னும் எட்டு கூடியிருந்தது. சலாவுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். “அப்போ மீட்டர்ல கோளாறு. கரண்ட் வண்டி நின்ன இடத்துலயே எண்ணும் போல. இதை நம்பி எப்படிக் காசு குடுக்குறது? இந்தக் கிலோமீட்டர் கணக்கே வேணாம்.”

அது சரிதான் என்று நாலைந்து தலைகள் ஆடின. பிச்சைகூட நோட்டை மூடினார். பேச்சியம்மாள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் தன் மானம் பிழைக்கும். சொல்லவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. லதீஃபா இறங்கி வந்தாள். கையில் லைசென்ஸ், அதன் மேல் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

“மீட்டர் சரிதான். அக்கா எழுதினதும் சரிதான். ஓட்டினது நான்.”

சலாவுதீன் மனைவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். “எங்கெல்லாம் போனே?” குரலில் கோபத்தைவிடப் பொறாமைதான் கூடுதலாக இருந்தது.

“உங்கம்மாவைக் கண் ஆசுபத்திரிக்கு மூணு தடவை கூட்டிட்டுப் போனேன். வேணும்னா அவங்ககிட்டயே கேளுங்க. பாலத்துல ஏறுனதும் இன்னும் கொஞ்சம் வேகமாப் போம்மான்னு சொன்னதே அவங்கதான்.”

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியராஜ் மட்டும் தொழில்காரனின் சந்தேகத்தோடு கேட்டான். “இத்தா, நேரா ஓட்டுறது யாருக்கும் வரும். இந்தச் சந்துல ரிவர்ஸ் எடுப்பீங்களா?”

லதீஃபா ஏறி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் கைவண்டி, இன்னொரு பக்கம் காயப்போட்ட சுக்கு. நடுவில் காரைப் பின்பக்கமாகவே கொண்டுபோய் மெயின் ரோட்டில் நிறுத்தினாள். ஒரு துண்டு சுக்குகூட நசுங்கவில்லை. நசுங்கியிருந்தால் சலாவுதீனுக்குப் பேச ஒரு வழியாவது கிடைத்திருக்கும்.

மறுநாள் காலை அவர் பேச்சியம்மாள் பெருக்கும் இடத்துக்கே வந்து நின்றார். “அக்கா, நேத்து நான் சொன்னது தப்பு.”

“சொன்னது நாலு பேருக்கு முன்னால மொதலாளி. இதையும் அங்கேயே வந்து சொல்லுங்க.”

அடுத்த கூட்டத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, அந்த மாசம் தன் வண்டி ஐந்நூறைத் தாண்டியதையும் தானே எழுந்து, கொஞ்சம் பெருமையாகவே அறிவித்தார்.

ஆறு மாசப் பரீட்சை ஐந்து வருஷம் நீண்டது. பாரம் ஏற்றும் டெம்போக்காரர்களிடம் கிலோமீட்டருக்குக் கூடுதலாக வாங்க வேண்டும், வெளியூர் ஓட்டத்தைக் கழிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வழக்கு. எதுவும் தீரவில்லை, ஆனால் ரோட்டில் குழி இல்லை. 2008-இல் நகரசபை அந்தச் சந்தை எடுத்துக்கொண்டது. அன்றோடு மீட்டர் பார்க்கிற வேலையும் முடிந்தது. அடுத்த மழையிலேயே பிச்சையின் கடை வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. பாண்டியராஜ் அதற்குள் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு வந்து பிச்சையிடம் சண்டை போட்டான்.

“நகரசபைகிட்ட போய்க் கேளு, நான் இப்போ செயலாளர் இல்லை,” என்றார் பிச்சை.

பேச்சியம்மாள் பள்ளத்தைச் சுற்றிப் பெருக்கிவிட்டு, யாரும் விழாமலிருக்க ஒரு கிழிந்த சாக்கைக் குச்சியில் கட்டி நட்டுவைத்துவிட்டு, சாயா குடிக்கப் போனார்.