இரண்டு நிலவு வரும் பக்கம்

அக்கா எழுதிய, தடித்த மட்டை போட்ட இரண்டாவது சி.ஆர். கொப்பியில் திருநீறு படிந்த விரல் அடையாளங்கள் இருக்கின்றன. தாளைப் புரட்டிய கீழ் மூலைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு. முதல் ஒன்பது தாள்களில் அது தவறாமல் வருகிறது. அதற்குப் பிறகு தாள்கள் துப்புரவாகக் கிடக்கின்றன. அந்தக் கொப்பியும் அதற்கு முந்திய கொப்பியும் இப்போது றப்பர் பட்டி போட்டபடி என் மேசையில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு நாவல். என்றாவது இவை இரண்டும் என் கைக்கு வந்துசேர வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

அக்கா என் உடன்பிறந்தவள் இல்லை. சுன்னாகத்தில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சிறிய அச்சகத்தில் இருவரும் வேலை செய்தோம். நான் கணினியில் எழுத்தடித்துப் பக்கம் அமைப்பேன். அவள் பிழை திருத்துவாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். உரும்பிராயில் தாயோடு இருந்தாள். கலியாணம் செய்யவில்லை. ஒரே அண்ணன் கனடாவில்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை முடித்தவள் நான் ஒருத்திதான். அப்பா சந்தையில் வெங்காய மூட்டை சுமப்பவர்; கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் பக்கம் அமைத்த ஒரு கல்வெட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறு புத்தகம். முகப்பில் படம், உள்ளே தோத்திரங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல். எங்கள் அச்சகம் அதில்தான் பிழைத்தது. அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் மிகச் சிறிய எழுத்தில் என் பெயரும் இருந்தது. அப்பா அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சாமித்தட்டில் வைத்தார். முன்பின் தெரியாத ஒருவரின் சாவுப் புத்தகம் எங்கள் வீட்டுச் சாமிப் படங்களுக்கு நடுவில். நான் தடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். நடந்ததில் பாதி அதனால் நடந்தது.

வேலை ஓய்ந்த நேரங்களில் அக்கா விஞ்ஞானக் கதைகளும் மாயக் கதைகளும் வாசிப்பாள். புதிதாக வந்தவைதான் வேண்டும். தமிழில் யாராவது ஒன்று வெளியிட்டால் அது யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு வந்து சேர மாதக் கணக்காகும். ஆங்கிலத்தில் வருவதைத் தொலைபேசியில் இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஐந்தாறு பக்கமாகப் படித்து முடிப்பாள். பிறகு மடித்த தாள்களை அடுக்கும்போது எனக்குச் சொல்வாள். ஞாபகங்களை வரியாக அறவிடும் ஓர் இராச்சியம். மரங்கள் கூடி வழக்குத் தீர்க்கும் ஒரு கிரகம். வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"உந்தாக்கள் நல்லாத்தான் எழுதினம்," என்றாள் ஒருநாள். "ஆனா எல்லாக் கப்பலும் அமெரிக்காவிலைதான் வந்து இறங்குது. ஏன், எங்கடை ஸ்ரேசன் றோட்டிலை இறங்கினா என்னவாம்?"

"இறங்கினா வெங்காய லொறிக்காரன் வழி விடமாட்டான் அக்கா."

"அப்ப கப்பல்காரன் கோண் அடிச்சு வழி கேக்கட்டும்."

எழுத்தாளர்களைப் பற்றிய கடைசிப் பக்கக் குறிப்பை அவள் ஒருபோதும் விடமாட்டாள். கதையை முடித்ததும் அதைத்தான் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். "இந்த மனிசி மலையடிவாரத்திலை கணவனோடும் மூண்டு பூனையோடும் வசிக்கிறாவாம். போன கிழமை வாசிச்சவருக்கும் பூனை. பூனை இல்லாட்டி உவையளுக்குக் கதை வராது போலை." பிறகு பிழை திருத்தும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, மேடையில் அறிவிப்பவளைப் போலக் குரலை மாற்றிச் சொன்னாள்: "ஆசிரியர் தாயோடும் இரண்டு ஆடுகளோடும் உரும்பிராயில் வசிக்கிறார்." அன்றைக்குத்தான் அவளும் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவளுடைய நாவலில் குடாநாட்டுக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவர்த்துப் போகின்றன. கடல் ஏறுகிறது. ஆட்கள் கலங்களில் ஏறி வேறொரு கிரகத்துக்குப் புறப்படுகிறார்கள். நூறு வருடம் உறங்கியபடி போகவேண்டிய பயணம். அந்த உறக்கத்தைக் கைக்குழந்தையின் உடம்பு தாங்காது. அதனால் ஒருத்தி தன் மகளை, ஊரில் மிஞ்சிய கடைசி நன்னீர்க் கிணற்றுக்குச் சொந்தக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். கண்விழிக்கும்போது இரண்டு நிலவு உள்ள வானத்தின் கீழே கிடக்கிறாள். அவளுக்கு அதே வயது. மகள் பூமியில் வாழ்ந்து, கிழவியாகி, செத்தும் போயிருப்பாள். அந்த மகளுக்கு அவள் ஒரு கடிதம் எழுதுகிறாள். கதை முழுவதும் அவளே "நான்" என்று சொல்லிக்கொண்டு போகிறாள்.

கடிதம் வரும் அத்தியாயத்தை அக்கா ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியிருந்தாள். கிரகங்களைத் தவிர்த்தால் நல்லதொரு குடும்பக் கதையாக வரும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னிடம் நீட்டியபோது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"கிரகத்தை எடுத்தா மிச்சம் என்னடி? ஊர்வம்புதான் மிச்சம்," என்றாள்.

கார்த்திகை மழையில் டெங்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் அக்கா செத்துப்போனாள். இரண்டாவது கொப்பி அப்போது என்னிடம் இருந்தது. எழுத்தடித்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்திருந்தேன். முதற்கொப்பி அவளுடைய அலுமாரியில். செத்தவீட்டில் அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளின்ரை எழுத்தெல்லாத்தையும் உன்னட்டைத்தான் தருவன் பிள்ளை. நீதான் புத்தகமா ஆக்கவேணும்," என்று அழுதார். நான் தலையாட்டினேன். என்னை விட்டால் வேறு யாரால் முடியும் என்றும் நினைத்தேன்.

அவளுடைய கல்வெட்டும் எங்கள் அச்சகத்துக்கே வந்தது. எத்தனையோ பேரின் வரலாற்றில் பிழை திருத்தியவளின் வரலாற்றை நானே எழுதி நானே திருத்தினேன். வம்சாவளி சிறியது. அவள் பெயருக்குக் கீழே கோடு இல்லை. ஒரே தாளில் அச்சாகும் பதினாறு பக்கப் பாரத்தில் பன்னிரண்டோடு விஷயம் முடிந்துவிட்டது. அச்சக முதலாளியை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். "நாலு பக்கத்துக்கு ஏதேன் தோத்திரம் போட்டு நிரப்பு பிள்ளை," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

நான் தோத்திரம் போடவில்லை. கல்வெட்டு வீடு வீடாகப் போகும். ஒருவரும் அதைக் குப்பையில் போடமாட்டார்கள். அக்காவின் எழுத்து அச்சில் வர இதைவிட உறுதியான வழி இல்லை என்று தோன்றியது. கடித அத்தியாயத்தை எடுத்தேன். அது ஒன்பது பக்கம் வந்தது. என்னிடம் இருந்தது நாலு. எதை வெட்டுவது என்று அதிக நேரம் யோசிக்கவில்லை. இரண்டு நிலவை எடுத்தேன். கலத்தை எடுத்தேன். நூறு வருடத்தை எடுத்தேன். அந்தியேட்டிக்கு வரும் மாமிமார் கிரகம் என்று கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள் என்று நினைத்தேன். எஞ்சியது அழகாக இருந்தது. வாசிக்க எனக்கே கண் கலங்கியது. மேலே "அமரரின் எழுத்திலிருந்து" என்று போட்டேன். நாவல் என்ற சொல் கல்வெட்டில் ஒட்டாது போலிருந்ததால் போடவில்லை. அக்காவின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவள் நான், கேட்பதற்கு என்ன இருக்கிறது?

அந்தியேட்டியன்று மத்தியானச் சாப்பாட்டுப் பந்தியிலேயே தொடங்கிவிட்டது. நான் சாம்பார் வாளியோடு போய்க்கொண்டிருந்தேன்.

"குமர்ப்பிள்ளை எண்டெல்லோ நினைச்சிருந்தம்."

"கொழும்பிலை ரெண்டு வருசம் வேலைக்கு நிண்டவள். அங்கைதான் நடந்திருக்கும்."

"தகப்பன் ஆராம்?"

"அதை எழுதேல்லை. பிள்ளையை ஒரு கிணத்தடியிலை குடுத்திட்டு வந்தனான் எண்டு மட்டும் கிடக்கு. நீர் வடிவா வாசியும், பதின்மூண்டாம் பக்கம்."

வாளியை வைத்துவிட்டு, அது கதை, அக்கா கதை எழுதுகிறவள் என்று சொன்னேன். ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கல்வெட்டிலை ஆரும் கதை போடுவினமே பிள்ளை?" என்றாள்.  உண்மையில் எவரும் போடுவதில்லை. பிறந்த நாள், இறந்த திதி, பெற்ற பிள்ளைகள். கல்வெட்டில் இருப்பதெல்லாம் நடந்தவை. ஆயிரம் கல்வெட்டுக்குப் பக்கம் அமைத்த எனக்கு அது மறந்துபோயிருந்தது.

பின்னேரத்துக்குள் யாரோ நாலு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்ப, அது கனடா வரை போய்விட்டது. அடுத்த நாள் அக்காவின் அண்ணன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, உது என்ன வேலை? செத்தவளை இன்னொருக்காச் சாக்காட்டிப் போட்டீர்," என்றார். நான் விளக்கத் தொடங்கியபோது வைத்துவிட்டார். அம்மா படலையைத் திறக்கவில்லை. மூன்று முறை போனேன். மூன்று முறையும் ஆடுகள்தான் வந்து எட்டிப் பார்த்தன. முதற்கொப்பி உள்ளே இருந்தது.

மூன்றாம் முறை திரும்பி வந்த அன்று வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டார்: "அப்ப அச்சிலை வாறது பொய்யும் வருமே பிள்ளை?" சாமித்தட்டைப் பார்த்தபடிதான் கேட்டார்.

அக்கா செத்து ஒரு வருடம் நிறையும் ஆட்டத் திவசத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அம்மா ஆள்விட்டுக் கூப்பிட்டார். காலைவேளை. அப்போதுதான் பூசை முடித்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். கிணற்றுக்கட்டில் முதற்கொப்பி இருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கினார்.

"இதை நாலு தரம் வாசிச்சிட்டன். எல்லாம் எங்கடை வீடுதான். இந்தக் கிணறு, உந்த முருங்கை, நான் பேசுற பேச்சு, எல்லாம் அப்பிடியே எழுதி வைச்சிருக்கிறாள். தண்ணி உவர்க்கிறதும் உண்மைதானே?"

"ஓம் அம்மா."

"அப்ப பிள்ளை மட்டும் பொய்யே?"

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. அவர் கோபமாக இல்லை. கண்களில் வேறொன்று இருந்தது. ஒரு வருடமாக ஊர் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, அவமானத்தைக் கடந்து, அதற்கு அப்பால் அவர் வேறோர் இடத்துக்குப் போயிருந்தார்.

"எங்கை விட்டவள் எண்டு இதிலை இல்லை. மற்றக் கொப்பியிலை இருக்கும். இப்ப பத்துப் பன்ரண்டு வயசிருக்கும் அதுக்கு. தாய் செத்தது தெரியுமோ என்னவோ. கொண்டுவந்து தா பிள்ளை. நான் ஒருத்தரையும் பேசமாட்டன். பேத்தியைப் பாத்தாப் போதும்."

"அம்மா, அது கதை. அக்கா..."

"கொப்பியைத் தா."

கொடுக்காமல் இருந்திருக்கலாம், தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது சில நேரம் தோன்றுகிறது. ஆனால் மறுபடியும் அவருக்காக நான் எதையும் வெட்டக்கூடாது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை கொண்டுபோனேன். அவர் கிணற்றுக்கட்டில் இருந்து, திருநீற்று விரலால் வரி வரியாகத் தொட்டு, உதடசைத்து வாசித்தார். நான் பக்கத்தில் நின்றேன். முதற் பக்கங்களில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்காரியின் வீடு தேடி நடக்கிறாள். ஒழுங்கைகளின் பெயர்கள் வர வர அம்மாவின் விரல் வேகமெடுத்தது. "இது கோப்பாய்ப் பக்கம்," என்றார் ஒருமுறை, தனக்குத்தானே. ஒன்பதாம் தாளைப் புரட்டினார். அதன் பின்பக்கத்தில்தான் அவள் கண்விழிக்கிறாள்.

விரல் நின்றது. திரும்ப மேலே போய் அதே வரியைத் தொட்டது. மறுபடியும் நின்றது.

"ரெண்டு நிலவாம்," என்றார்.

ஆடு ஒன்று வந்து அவருடைய சேலைத் தலைப்பை முகர்ந்தது. அதைத் தள்ளிவிடவும் இல்லை, தடவவும் இல்லை. இரண்டு கொப்பிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி என் கையில் வைத்தார்.

"கொண்டுபோ. இனி உது எனக்கென்னத்துக்கு?"

இப்போது முழுவதையும் எழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன், நிலவும் கலமும் நூறு வருடமும் அப்படியே. அச்சடிக்க ஐயா பழைய தாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கத்தை முதலே அடித்து வைத்துவிட்டேன்: ஆசிரியர் தாயோடும் இரண்டு ஆடுகளோடும் உரும்பிராயில் வசித்தார். பின்னட்டையில் என் பெயர் வராது. இன்று மத்தியானம் இரண்டாவது கொப்பியின் பத்தாம் தாளுக்கு வந்தேன். புரட்டுவதற்கு முன் கையைக் கழுவினேன். அந்தத் தாளின் மூலையில் எதுவும் இல்லை. அங்கிருந்து கடைசிவரை அக்காவின் கையெழுத்து மட்டும்தான்.