எலியா வரும்வரை ஒரு கருவாடு

அக்கா மன்னாரிலிருந்து விமானத்தில் சுமந்து வந்த கட்டாக் கருவாட்டுப் பையை, காரிலிருந்து பெட்டிகளை இறக்கிய அவசரத்தில் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போனால் பை இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் லிப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒரு பை கிடைத்திருக்கிறது, அடையாளம் சொல்பவருக்குத் தரப்படும். அதன் அடியில் எங்கள் பக்கத்து வீட்டு யூதப் பெரியவரின் கதவு எண். லிப்டுக்குள்ளேயே வந்த மணத்தில் எனக்கு வாயூறியது. ஆனால் லிப்டில் நின்றவர்களோ, எங்கள் ஐந்தாம் மாடியில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று முகம் சுளித்தார்கள்.

“போய்க் கேட்டிடாதேங்கோ,” என்றாள் மனைவி. “பிறகு முழு பில்டிங்கும் எங்களைக் கருவாட்டுக்காரர் எண்டுதான் சொல்லும். மானம் போயிடும்.”

“அது மன்னார்க் கருவாடப்பா.”

“இருக்கட்டும். அதைத் தலைமுழுகுங்கோ.”

அவள் அன்றே தலைமுழுகிவிட்டாள். என்னால் முடியவில்லை. பெரியவரை வழியில் கண்டபோது, யாரோ மாதிரி, “ஒருவரும் வராவிட்டால் எறிந்துவிடுவீர்களா?” என்று கேட்டேன்.

அவர் திடுக்கிட்டார். எறிய அது அவருடையது இல்லையாம். தொலைத்தவர் இனிக் கிடைக்காது என்று மனம் விடுவதற்கு முன்பே இவர் எடுத்துவிட்டாராம். இனி அந்த ஆள் மனம் விட்டாலும் எடுத்தவருக்குச் சொந்தமாகாது, காவல்தான் காக்கலாம் என்பது அவர்களின் சட்டம். பழுதாகாமல் பார்ப்பதும் கடமை என்பதால், தினமும் பால்கனியில் வெயிலுக்கு விரிக்கிறாராம்.

“எதுவரைக்கும்?”

“எலியா வரும்வரை. யாருடையது என்று அவர் சொல்வார்.”

நான் கத்தோலிக்கன். எலியா தீர்க்கதரிசியை எனக்கும் தெரியும். நெருப்புத் தேரில் மேலே போன மனுசன் இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த வாரமே கட்டிட மனேஜர் பெரியவரின் கதவைத் தட்டினார். நானும் மனைவியும் எங்கள் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம். நாறும் அந்தப் பையை உடனே எறியாவிட்டால் வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் வரும் என்றார் மனேஜர். “பிறர் பொருளை எறிய எனக்கு உரிமை இல்லை,” என்றார் பெரியவர். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். என் கருவாட்டுக்காக அந்த மனுசன் வீட்டை இழக்கவும் துணிந்து நிற்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கதவைத் திறந்தேன். மனைவி சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

“அது என்னுடையது,” என்றேன். பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்தன.

பெரியவர் அசையவில்லை. “அடையாளம்?”

ஐந்தாம் மாடி முழுக்கக் கேட்கச் சொன்னேன். “கட்டம்போட்ட பழைய சாரத் துணியில் சுற்றி, நீலக் கயிற்றால் கட்டியது. ஒரு துண்டுக்கு வால் இல்லை. அதை அக்காவின் பூனை தின்றுவிட்டது.”

பெரியவர் உள்ளே போய்ப் பையை இரு கைகளாலும் ஏந்தி வந்து கொடுத்தார். நான் வாங்கிய கணமே மூக்கை இறுகப் பொத்திக்கொண்டார்.

“மன்னியுங்கள்,” என்றார் பொத்திய மூக்கால். “என் காவலில் இருந்தவரை இப்படிச் செய்வது மரியாதையாகப் படவில்லை.”