தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்ட பெட்டி

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். எல்லா மாடியிலும் ‘வேலை நடக்கிறது’ என்று பலகை மாட்டாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருக மாட்டார். அவ்வளவு கவனமான மனிதர் தன் வீட்டில் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன். சொல்ல எனக்கே கூசுகிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

கடையில் விற்கும் ரவுட்டர் எல்லாம் அத்தானுக்கு விளையாட்டுச் சாமான். எங்கோ கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, இரண்டு நெட்வொர்க் கார்டு செருகி, அதையே ரவுட்டர் ஆக்கினார். துணி அலமாரிக்கு மேல் அதற்கு இடம். யாரும் கை வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். வருகிறவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பேசி உயிரை வாங்குவார். தன்னை இயக்கும் மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், புதிதாக வந்திருக்கிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை அதுவே பார்க்கும்; வந்திருந்தால் இறக்கி, ஏற்றி, அணைந்து எழுந்துகொள்ளும். இரண்டே நிமிடம். எட்டு மாதமாக ஒரு தகராறும் இல்லை.

அக்கா வேலையை விட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தது. மருத்துவ அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று தெரிந்து விண்ணப்பித்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு வீடியோவில் நேர்காணல். “பதட்டப்படாம பேசு” என்று சொல்லிவிட்டுத்தான் அத்தான் அன்று காலை கிளம்பினார். இரண்டாவது கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு போய்விட்டது. அந்த வீட்டுக்குள் போன் சிக்னலும் நிற்காது. மொட்டைமாடிக்கு ஓடிக் கம்பெனிக்காரர்களைப் போனில் பிடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மறுநாள், வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று மெயில் வந்தது.

இணைப்பு போன அன்றே, மாடியில் நின்றபடி எனக்கும் போன் செய்தாள்.

“காலையில பெட்டி மேல ஒரே தூசிடா. வீடியோல பின்னாடி தெரியுமேன்னு துடைச்சேன். அதுலதான் ஏதோ ஆயிடுச்சு.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “தொடாதேன்னு அத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கத்தினேன்.

“ஆமாடா” என்றாள். அந்த ஆமாவை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே வெறுப்பு வருகிறது.

அன்று மாலையே அத்தான் வந்து பார்த்தார். சரியாகப் பதினொரு மணிக்குப் புதிய ஃபர்ம்வேர் ஏறியிருந்தது. அதில் கார்டுகள் இரண்டும் பெயர் மாறிக்கொண்டதில், வெளியிலிருந்து வரும் இணைப்பு எது, வீட்டுக்குள் போவது எது என்று பெட்டிக்கே தெரியவில்லை. அக்கா துடைத்ததற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார்.

“என்னாலதானேங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“சரி விடு, இனிமே பாத்து நடந்துக்கோ” என்றாராம். பெரிய மனசுக்காரர்!

நாலு நாள் அப்படியே விட்டார். அக்கா அந்த அறையைப் பெருக்கக்கூடப் போகவில்லை. லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் “திறக்கலாமாங்க?” என்று கேட்டாளாம். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை நான் போயிருந்தபோது, என் எதிரிலேயே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“உன்னால இல்ல. அதுவே ஏத்திக்கிற மாதிரி நான் போட்டு வச்சதுதான் காரணம். அன்னிக்கே தெரியும்.”

எனக்குச் சுருக்கென்றது. அக்கா சத்தம் போடவில்லை. “காட்டுங்க” என்றாள்.

அவர் லேப்டாப்பில் பெட்டியின் செட்டிங்கைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். செவ்வாய், பதினொரு மணி என்று குறித்திருந்த வரிக்கு மேல், ஏன் அந்த நேரம் என்று தன் ஞாபகத்துக்காக ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அக்கா அதை வாய்விட்டுப் படித்தாள்.

“வீட்டில் யாரும் இல்லாத நேரம்.”

பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பத்து வருஷமா செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் எங்கங்க போயிருந்தேன்?”

அவள் என் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் போன் செய்யும்போதெல்லாம் “சும்மாதானே இருக்கே?” என்று ஆரம்பிக்கிறவன் நான்.