ஈயத்தாள் ஒட்டிய பெட்டி

தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கம்ப்யூட்டரை உள்ளே வைக்க என் பெரியப்பா செய்த பெட்டியை நினைத்தால், அதன் உட்புறப் பளபளப்புத்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது. பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகைகளைக் கொண்டு அவரே அடித்தது. தொழிற்சாலையில் தூளைப் பெட்டியில் அடைக்கும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர் அவர். உள்ளே ஒட்டிய ஈயத்தாள் கசங்காமல் பலகையைக் கழற்ற அவருக்குக் கைவரும். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பனிமூட்டம் கேட்காமலே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பு கசியும், தீப்பெட்டி நமுத்துப்போகும். "இந்தத் தாளுக்குள்ள வச்ச தூளு கப்பலேறிப் போயும் நமுத்ததில்ல," என்பார். அப்படிப்பட்ட மனிதர் கம்ப்யூட்டரை வெறும் மேசையில் விட்டுவைப்பாரா?

அந்தக் கம்ப்யூட்டரைக் கொடுத்தவன் நான். இரண்டாயிரங்களின் கடைசியில் பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். யாரோ கழித்துவிட்டதைச் சரிசெய்து, இணையத்துக்குச் சிம் போடும் டொங்கிள் ஒன்றைப் பின்னால் செருகி, சின்னக் கேமராவும் வைத்துக் கொடுத்தேன். பெரியப்பாவின் மகளான அக்கா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பாடத்துக்கு இணையத்திலிருந்து படம் எடுக்க உதவும் என்றுதான் நினைத்தோம். ஆரம்பத்தில் இணையம் நன்றாகவே ஓடியது. பிறகு மழை தொடங்கியது, பெரியப்பா பெட்டி செய்தார், வேகம் செத்துப்போனது. நாங்கள் எல்லோரும் மழையைத்தான் திட்டினோம்.

அந்தச் சமயம் பார்த்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. பூனாகலைப் பக்கத்துப் பையன், துபாயில் வேலை. குறை சொல்ல முடியாத குடும்பம். பெண்ணும் மாப்பிள்ளையும் போனில் தனியாகப் பேசுவது பெரியப்பாவுக்குப் பிடிக்காது. வீட்டார் எல்லோரும் உட்கார்ந்திருக்கக் கம்ப்யூட்டரில் பேசினால் அது பெண் பார்க்க வந்த கணக்கு. அக்காவுக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது: கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளிக்கூடம் போகலாமா? கேட்டாள். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், தலை லேசாகக் குனிந்தது, படம் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறும் அதே கதை.

பெரியப்பாவுக்கு அது போதும். தை பிறந்ததும் பரிசம் போட வரச்சொல்லி மாப்பிள்ளை வீட்டாரிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார். "அதான் தலையாட்டினாருல்ல," என்றார். "அது தலையாட்டினதாப்பா, சிக்கிக்கிட்டதா?" என்று அக்கா கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் காதால் கேட்காமல் சம்மதிக்க மாட்டேன் என்பதில் அசையவில்லை. எனக்குச் சொல்லியனுப்பினார்கள்.

போய் உட்கார்ந்து, இந்தத் தொழிலில் இருப்பவன் செய்வதையெல்லாம் செய்தேன். வேண்டாத புரோகிராம்களை அழித்தேன், வைரஸ் தேடினேன், டொங்கிளை வேறு துளையில் மாற்றிச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய மெஷின், இவ்வளவுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். கடைசியாகத் தூசி தட்டலாம் என்று சிபியுவை வெளியே இழுத்துத் தரையில் வைத்து, வயரோடு போட்டுப் பார்த்தபோது பக்கங்கள் படபடவென்று திறந்தன. உள்ளே தள்ளினேன், மறுபடி இழுபறி. டொங்கிள் இருந்த முதுகுப் பக்கம் ஈயத்தாளில் முட்டிக்கொண்டு நின்றது. ஈரத்தைத் தடுத்த தாள் டொங்கிளுக்கு வரும் அலையையும் தடுத்திருக்கிறது. முன்பக்கம் திறந்திருந்த புண்ணியத்தில்தான் அந்தக் கொஞ்சமும் வந்தது.

பெரியப்பா நம்பவில்லை. தரையில் வைத்தால் ஈரம் ஏறும் என்று வாதாடினார். நான் இரண்டு தடவை இழுத்துக் காட்டிய பிறகு, போய் ஆணி பிடுங்கியை எடுத்துவந்தார். என்னைத் தொடவிடவில்லை. பின்பலகையைத் தாள் கிழியாமல் அவரே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். இனிமேல் மாப்பிள்ளை வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று அக்காவிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தான் வரை தெரிந்தது. அக்கா அதே கேள்வியைக் கேட்டாள். அவர் தன்மையாகத்தான் பதில் சொன்னார்: "அதெல்லாம் வேணாங்க. அம்மா தனியா இருக்காங்க, அவங்களப் பாத்துக்கிட்டாப் போதும். முன்னயே சொன்னேனே."

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். தோட்டம் முழுக்கப் பரிசத்துக்குச் சொல்லிவைத்திருந்த மனிதர். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, கேமராவுக்கு நேரே குனிந்தார்.

"தம்பி, இப்பத்தான் நல்லாக் கேட்டிச்சு. எங்களுக்குச் சரிவராதுங்க. உங்க வீட்டுல நானே பேசிக்கிறேன்."

மறுநாளே பூனாகலைக்கு பஸ் ஏறினார். அங்கே என்ன பேச்சு வாங்கிக்கொண்டு வந்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது தோட்டத்தில் ஆளுக்கொரு போன். பெரியப்பா இல்லை. அக்கா வெலிமடையில் கல்யாணம் கட்டி, அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். போன மாதம் அவள் வகுப்புக்குப் போயிருந்தேன். பிள்ளைகளின் கதைப் புத்தகங்கள் அந்தப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தன, பக்கமெல்லாம் ஈயத்தாள் பளபளக்க, முதுகுப் பலகை மட்டும் இல்லாமல். மழைச் சாரல் அடிக்குமே, ஒரு பலகை அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டா," என்றாள். "அப்பா கழட்டினது. அப்புடியே இருக்கட்டும்."