மதகை ஒட்டின வீடு

சிறார் குற்றம் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எந்தப் பையனின் பெயரும் கிடையாது, எண்கள்தான். அந்தப் பெருமையோடு தஞ்சாவூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான்கு பிரதி போடச் சொன்னேன். தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த கடைக்காரம்மா ஒரு பக்கத்தைப் படித்தபடி நின்றுவிட்டார்.

"கீழ்வேளூர் பக்கம், மதகை ஒட்டின வீடு, பம்புசெட் மோட்டார் திருட்டு... இது எங்க ஊருப் பையன்தானேங்க?"

ஒரு ஊரில் மதகை ஒட்டி எத்தனை வீடு இருந்துவிடும்? அதைப் போய் எழுதித் தொலைத்திருக்கிறேனே!

"இல்லைங்க, வேற ஊரு."

அவர் நிமிரவே இல்லை. "ஆறு வருஷமாச்சு, இப்பப் பெரிய ஆளு. தையில எங்க அக்கா பொண்ணுக்கு அவனத்தாங்க பேசியிருக்கு."

பணத்தை நீட்டிவிட்டு ஓடிவந்தேன். பஸ்ஸில் பையைத் திறந்தபோது மூன்று பிரதிகள்தான் இருந்தன.