காய்ச்சின வெள்ளம்

போன வாரம் கல்லூரிக்குப் போனேன். படிக்க இல்லை. சாப்பாடு கொடுக்க.

களியக்காவிளை ரோட்டில் நான் சாப்பாட்டுக் கடை நடத்துவது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கல்லூரியில் உயிர் அறிவியல் துறையைப் பார்க்க வெளியூர் ஆட்கள் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு என் பொறுப்பு. சோறு, மீன்கறி, கூடவே கூஜா நிறைய சிவப்பு வெள்ளம். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தால் சிவந்து வரும். ஹோட்டலில் குடிக்க அதுதான்.

எல்லாம் இறக்கி வைத்தாச்சு. வந்தவர்களின் கூட்டம் இன்னும் முடியவில்லை. சும்மா நின்றேன். தினமும் என் கடையில் சாப்பிட்டு, பாட்டிலில் வெள்ளமும் பிடித்துப் போகும் ஷீபா அங்கேதான் ஆராய்ச்சி செய்கிறாள்.

"வாங்க மாமா, சுத்திக் காட்டுறேன்."

அறைக்கு அறை ஒரு ஆராய்ச்சி. ஒன்றில் பாட்டிலுக்குள் வாழைக்கன்று. மண்ணே இல்லை! அடுத்ததில் மீன்குஞ்சு. அதற்கடுத்து... கொசு. வலைக்கூண்டுக்குள் வளர்க்கிறார்கள். பஞ்சில் சீனித்தண்ணி.

"கொசுவுக்குச் சாப்பாடா?"

"வளத்தாத்தானே மாமா, எந்த மருந்துக்குச் சாவும்னு பாக்க முடியும்?"



கடைசி அறை அவளுடையது. குடிக்கிற தண்ணீரில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மூடி போட்ட வட்டத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைப்பார்களாம். கிருமி இருந்தால் வளர்ந்து புள்ளியாகத் தெரியும். குழாய்த் தண்ணீர்த் தட்டில் நாலைந்து புள்ளி. ஒரு தட்டு மட்டும் — ஆப்பத்தில் ஓட்டை விழுந்த மாதிரி, முழுக்கப் புள்ளி.

"இது எந்தச் சாக்கடை மக்களே?"

"கடைத் தண்ணி மாமா. பேரு போடல்ல. கடை நம்பர் மூணு."

"கடையா? அவனப் பூட்டிப் போடச் சொல்லு!"

ஷீபா தரையைப் பார்த்தாள்.

"நம்ம கடைதான் மாமா."



"காய்ச்சின வெள்ளம்லா அது!"

"காய்ச்சுனிய. பொறவு எப்பிடி ஆத்துனிய?"

"பச்ச வெள்ளம் ஊத்தி..."

சொல்லும்போதே எனக்கே உறைத்தது. வந்த ஆள் கொதிக்கக் கொதிக்க எப்படிக் குடிப்பான்? பாதி அடுப்பு, பாதி கிணறு. வருஷக்கணக்காய் அப்படித்தான். உங்கள் வீட்டில் எப்படி? கலந்தாலும் சிவப்பு சிவப்பாகத்தானே இருக்கிறது... யார் கண்டது?

"நீ பாட்டில் கொண்டு வாறது இதுக்குத்தானா? எங்கிட்டச் சொல்லப்பிடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். கடையில ஆளு நின்னாவ."

அப்போதுதான் கூஜா ஞாபகம் வந்தது.

ஓடினேன். பந்தி உட்கார்ந்தாச்சு. ஒருவர் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போய்விட்டார். பெரிய மனுஷர். பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன். அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. "குடிக்காதீங்க" என்று கத்தினேன்.

இப்போது கடையில் காய்ச்சி, மூடி, தானாக ஆறவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஆறவில்லையா? சூடாகத்தான். "வாய் பொள்ளுது அண்ணாச்சி!" என்று திட்டுகிறார்கள். பொள்ளட்டும்.

நேற்று ஒரு லாரி டிரைவர். என் கடைக்குப் பழைய ஆள். அவரும் முனகினார். காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"சரி, விடுங்க. போன வருஷம் எனக்கு மஞ்சக்காமாலை வந்தது தெரியும்லா? காய்ச்சின தண்ணிதான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குப் பொறவு இந்த ரோட்டுல உங்க கடையத் தவிர வேற எங்கயும் நான் தண்ணி தொட்டதில்ல அண்ணாச்சி."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொல்லவில்லை. முடியவில்லை.

அவர் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர். படித்துவிட்டு வரட்டும்... நான் கடையில்தான் இருப்பேன்.